புதுசா வாங்கின சாமானைச் சமையலறையில் சொருகும் முன்: வயரிங், எம்சிபி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தீபாவளித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி எது முடிந்தாலும் மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. இண்டக்ஷன் அடுப்பு, ஓவன், கெட்டில் என்று ஒவ்வொருவரும் ஒன்றை வாங்கி வந்திருப்பார்கள், ஆனால் கேட்கிற சந்தேகம் திரும்பத் திரும்ப அதேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதிலைச் சொல்லியிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

அண்ணே, இண்டக்ஷன் அடுப்பு வாங்கிட்டு வந்துட்டேன். அப்படியே சொருகிடலாமா?

ஐந்து நிமிஷம் பொறுங்கள். அடுப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். அப்புறம் பிளக்கின் பின் தடியாக இருக்கிறதா ஒல்லியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, நீங்கள் சொருகப் போகிற பாயிண்ட் எந்த எம்சிபியில் வருகிறது, அதே எம்சிபியில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எம்சிபி என்பது கரண்ட் அதிகமானால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், சிலர் ட்ரிப்பர் என்று சொல்வதும் அதைத்தான்.

இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை அதனால்தான் வருகின்றன.

வாட்ஸ், ஆம்பியர் எல்லாம் எனக்குத் தலை சுத்துது. சுலபமா ஒரு கணக்கு சொல்லுங்க.

வாட்ஸை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் என்பதால் இந்தக் கணக்கு. 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் எடுக்கும். 1500 வாட்ஸ் கெட்டில் 6.5. 750 வாட்ஸ் மிக்சி 3.3. மாவரைக்கிற டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்ஸ் என்றால் முக்கால் ஆம்பியர்கூட வராது. எவ்வளவு பெரிய கல் சுற்றுகிறது, இது பாவம் கொஞ்சூண்டு கரண்ட்தான் எடுக்கிறது. கைக்கடக்கமான கெட்டில் அதைப்போல் பத்து மடங்கு எடுக்கிறது. சூடு உண்டாக்குகிற சாமான் எல்லாமே அதிகம் இழுக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், உருவத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மைக்ரோவேவ் ஓவனில் ஒரு குழப்பம் உண்டு. அட்டைப்பெட்டியில் 800 வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள், அது உணவுக்குள் போகிற சக்தி. சுவரிலிருந்து அது எடுப்பது பின்பக்க லேபிளில் தனியாக எழுதியிருக்கும், பெரும்பாலும் 1200 வாட்ஸ் அல்லது அதற்கும் மேலே. கணக்குக்கு இதைத்தான் எடுக்க வேண்டும்.

சின்ன பிளக், பெரிய பிளக் ரெண்டுலயும் மூணு ஓட்டைதானே இருக்கு? என்ன பெரிய வித்தியாசம்?

சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். பழைய ஆட்கள் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பெரியதைப் பவர் பிளக் என்று சொல்வதும் உண்டு. பின்னின் தடிமன் வேறு, உள்ளே அதைக் கவ்விப்பிடிக்கும் பித்தளைத் தகட்டின் கனம் வேறு, எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பின்னாலிருந்து வருகிற வயரின் கனம் வேறு. சின்ன பாயிண்டுக்குப் பொதுவாக லைட், ஃபேனுக்கு இழுத்த அதே 1 அல்லது 1.5 சதுர மி.மீ. வயர்தான் வந்திருக்கும். பெரியதற்கு 2.5 வந்திருக்க வேண்டும்.

வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். காசை மிச்சம் பிடிக்க 1.5 வயரிலேயே பெரிய சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போன வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பெரிய ஓட்டை இருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிட முடியாது. வயரை எப்படிப் பார்ப்பது என்று கீழே வருகிறது.

பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில போடறதுக்கு ஒரு கன்வெர்ஷன் பிளக் விக்கிறாங்களே, அது போதாதா?

போதாது. தடி பின்னைத் தயாரித்தவன் ஒரு காரணத்தோடு வைத்திருக்கிறான், அந்தச் சாமான் 6 ஆம்பியருக்கு மேல் எடுக்கும் என்று நமக்குச் சொல்கிறான். அந்தக் கட்டையை நடுவில் வைத்தால், பின் மட்டும்தான் ஒல்லியாகும், இழுக்கிற கரண்ட் குறையாது. 8.7 ஆம்பியர் 6 ஆம்பியர் சாக்கெட் வழியாகத்தான் போகும். இட்லி வேகிற பத்து நிமிஷத்தில் ஒன்றும் தெரியாது, பருப்பு, குழம்பு, பொரியல் என்று ஒரு மணி நேரம் ஓடும்போது சாக்கெட் பழுப்பாகி, பிறகு உருகும். கன்வெர்ஷன் பிளக்கை இஸ்திரிப் பெட்டிக்குப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானே அணைந்து அணைந்து எரியும், அடுப்பு அப்படி இல்லை.

எம்சிபி எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸைத் திறந்தா வரிசையா சுவிட்ச் நிக்குது. எது சமையலறைக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேர வேலை. சமையலறையில் உள்ள ஒவ்வொரு பாயிண்டிலும் ஒரு டேபிள் லேம்ப்போ போன் சார்ஜரோ சொருகி ஒருவர் நில்லுங்கள், இன்னொருவர் ஒவ்வொரு எம்சிபியாக இறக்குங்கள். எது இறங்கும்போது எது அணைகிறது என்று ஒரு தாளில் எழுதி, டிபி கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சமையலறை, ஹால், குளியலறை கீசர் மூன்றும் ஒரே எம்சிபியில் வருவது தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது சகஜம். உங்கள் பிரச்சினைக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

எம்சிபியின் முகத்தில் சி16, சி20, பி10 என்று அச்சிட்டிருக்கும். எண்தான் ஆம்பியர். முன்னால் உள்ள எழுத்து, ஷார்ட் ஆனால் எவ்வளவு கரண்டில் சட்டென்று விழும் என்பதைக் குறிக்கிறது: பி வகை அந்த எண்ணைப்போல் 3 முதல் 5 மடங்கில், சி வகை 5 முதல் 10 மடங்கில். ஃபிரிட்ஜ், மிக்சி மாதிரி மோட்டார் உள்ளவை கிளம்புகிற அந்த ஒரு நொடியில் நிறைய இழுக்கும், அதற்கெல்லாம் விழுந்துகொண்டே இருக்கக் கூடாது என்பதால் நம் வீடுகளில் பெரும்பாலும் சி வகையைப் போடுகிறோம்.

16னு போட்டிருந்தா, 16 தாண்டின உடனே விழணும்தானே? எங்க வீட்ல அரை மணி நேரம் நல்லா ஓடிட்டு அப்புறம் விழுது.

நல்ல கேள்வி, பல பேருக்கு இது தெரியாது. எம்சிபிக்குள் ஒரு பட்டை இருக்கிறது, கரண்ட் அதிகமானால் அது மெல்லச் சூடாகி வளைந்து சுவிட்சைத் தள்ளும். அதனால் கொஞ்சம் கூடுதலாகப் போனால் உடனே விழாது. தரக் கணக்குப்படி 16 ஆம்பியர் எம்சிபி சுமார் 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், சுமார் 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். நடுவில் உள்ளது இப்படியும் அப்படியும் இருக்கும்.

இப்போது உங்கள் வீட்டுக் காலை நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இண்டக்ஷன் 8.7, கெட்டில் 6.5, ஓவன் 5.2, ஆக 20.4. சரியாக அந்த நடுப்பகுதி. காபி போட்டு, டிபன் செய்து, பிள்ளைக்கு டப்பா கட்டுகிற நேரத்தில் விழும். எம்சிபி கெட்டுப்போகவில்லை, அதன் வேலையைத்தான் செய்கிறது.

அடிக்கடி விழுறது பெரிய தொல்லையா இருக்கு. 16ஐ எடுத்துட்டு 32 போட்டுட்டா என்ன?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து போடாதீர்கள், போடச் சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள், உடனே சரி என்று மாட்டித் தருகிற ஆளை அடுத்த முறை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எம்சிபி காப்பாற்றுவது உங்கள் அடுப்பை இல்லை, சுவருக்குள் இருக்கும் வயரை. வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குக் கீழே எம்சிபி இருக்க வேண்டும். பைப்புக்குள் போகிற தாமிர வயர் என்றால், 1.5 வயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4 சதுர மி.மீ.க்கு 20 அல்லது 25 என்று நான் போடுவேன். நாம் சாதாரணமாகப் போடும் பிவிசி வயரின் மேலுறை 70 டிகிரி வரைதான் தாங்கும். 1.5 வயரில் 25 ஆம்பியர் ஓடினால் மேலுறை அதைத் தாண்டி வெந்துகொண்டே இருக்கும், 32 எம்சிபிக்கோ அது ஒரு பொருட்டே இல்லை, அசையாமல் நிற்கும். வீட்டுக்காரர் இனிமேல் விழவில்லை, நல்ல வேலை செய்தார் என்று சந்தோஷமாக இருப்பார்.

அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். யாரோ இரண்டு வருஷத்துக்கு முன் 32 மாற்றிக் கொடுத்திருந்தார்கள். சமையலறையில் பிளாஸ்டிக் கருகின வாசனை வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸ் மூடியைக் கழற்றினேன். சிவப்பு வயர் கறுப்பாகி, தொட்டால் மேலுறை உதிர்ந்தது, உள்ளே வெறும் தாமிரம். பக்கத்தில் இருந்த நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) அதற்கும் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குழந்தைகள் படுக்கிற அறை. விழுகிற எம்சிபியை வாயடைக்காதீர்கள். சமையலறைக்குத் தனி லைன் இழுங்கள், முடிந்தால் இண்டக்ஷனுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று.

சுவத்துக்குள்ள இருக்கிற வயர் என்ன சைஸ்னு வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

வெளியிலிருந்து தெரியாது. மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினால் பின்னால் வயர் தெரியும், அதன் மேலுறையில் சைஸும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகியிருக்கும். அச்சு அழிந்திருந்தால் ஒரு துண்டு 2.5 வயரைக் கையில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். இதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள், அது போதும்.

வயர் வெள்ளையாக, மொத்தமாக, ஒற்றைக் கம்பியாக இருந்தால் அது அலுமினியம். ரொம்பப் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஸ்க்ரூவுக்கு அடியில் அலுமினியம் நாளடைவில் தளர்ந்து லூஸ் ஆகும், பொடி பூத்து சூடாகும். அந்த வயரில் எந்த சைஸாக இருந்தாலும் இண்டக்ஷனோ ஓவனோ போட வேண்டாம்.

எங்களது தாத்தா காலத்து வீடு. எம்சிபியே கிடையாது, பீங்கான் ஃபியூஸ்தான். அது ஆகாதா?

பீங்கான் ஃபியூஸ் தப்பான பொருள் இல்லை, அதில் என்ன கம்பி கட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. சரியான ஃபியூஸ் கம்பி கட்டிய காலம் போய், போன ராத்திரி அவசரத்துக்கு எக்ஸ்டென்ஷன் வயரிலிருந்து நாலு தாமிர இழையை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது மேலே சொன்ன 32 எம்சிபியைவிட மோசம், எப்போது உருகும் என்று யாருக்கும் தெரியாது. கம்பி கட்டியிருக்கும் பீங்கான் கட்டையை, அதாவது கேரியரை, பிடுங்கிப் பாருங்கள், மெயினை அணைத்த பிறகு. தடியான தாமிரம் தெரிந்தால், புதுச் சாமானை அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டு முதலில் ஆளைக் கூப்பிடுங்கள். மரச்சட்டத்தில் வயர் ஓடுகிற வீடு என்றால் சமையலறைக்கு மட்டுமாவது மீட்டரிலிருந்து புது லைன், புது எம்சிபி, புது எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற வயர்) வேண்டும்.

மூணாவது ஓட்டை இருந்தா எர்த் இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாத சாக்கெட்டுகள் எத்தனையோ. வயர் இருந்தும் அது கடைசியில் மண்ணுக்குப் போகாமல் எங்கோ அறுந்து கிடப்பதும் உண்டு. இன்னும் ஒரு கொடுமை, எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையே வளைத்து எர்த் ஓட்டையில் சேர்த்துவிடுவார்கள். என்றைக்கு அந்த நியூட்ரல் விட்டுப்போகிறதோ அன்றைக்கு உங்கள் ஃபிரிட்ஜின் கதவு முழுக்க 230 வோல்ட் நிற்கும். தண்ணீர்க் குழாயில் எர்த்தைச் சுற்றுவதும் அப்படித்தான், இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக், கரண்ட் மண்ணுக்குப் போகாமல் குளிக்கிறவர் தலையில் இறங்கும்.

மூன்று சின்ன விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். சொருகினால் எர்த் இல்லை, பேஸும் (கரண்ட் வருகிற வயர்) நியூட்ரலும் மாறியிருக்கிறது என்பதையெல்லாம் காட்டிவிடும். எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி நேரே நின்று பார்த்தால் வலது ஓட்டை பேஸ், இடது ஓட்டை நியூட்ரல். மாறியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் சாமானுக்குள் கரண்ட் இருக்கும். ஆனால் நியூட்ரலை எர்த்தில் சேர்த்திருந்தால் இந்த டெஸ்டர் எல்லாம் சரி என்றே காட்டும், எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாது. அதற்கு எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கும் சாதாரண டெஸ்டரை எர்த் ஓட்டையில் வைத்து, எரியவில்லை, அப்போ எர்த் நல்லா இருக்கு என்று முடிவு கட்டாதீர்கள். வயரே இல்லாவிட்டாலும் அது எரியாது. எரிந்தால் மட்டும் ஆபத்து உறுதி.

வாசலில் எர்த் குழி இருக்கிறவர்கள் சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்காது.

கிரைண்டரைத் தொட்டா லேசா சுர்ர்னு இருக்கு. செருப்பு போட்டுக்கிட்டா இல்ல. அப்படியே விட்டுடலாமா அண்ணே?

விடாதீர்கள். செருப்பு போட்டதும் நிற்கிறது என்றால், கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது என்றுதான் அர்த்தம். மாவு வழித்த ஈரக் கை, கழுவிவிட்ட தரை, வெறும் கால், கிரைண்டர் இருக்கிற இடத்தில் இது மூன்றும் எப்போதும் சேர்ந்தே இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சாமானையும் எர்த்தையும் பார்க்கும் வரை தொடாதீர்கள்.

ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். மைக்ரோவேவ், இண்டக்ஷன், கம்ப்யூட்டர் மாதிரி எலக்ட்ரானிக் சாமான்களில், உள்ளே ஒரு பழுதும் இல்லாமலேயே இந்தச் சுர்ர் வரும். கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட உள்ளே வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாகத் துளி கரண்ட் மெட்டல் உடம்புக்கு வரும், அது எர்த்துக்குப் போக வேண்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். எர்த் இல்லாததால் உங்களிடம் வருகிறது. கடைக்காரர், சாமான் நல்லாத்தான் இருக்கு சார் என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம், கோளாறு உங்கள் சாக்கெட்டில். கிரைண்டரில் அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது வயர் எங்கோ உரசிக்கொண்டிருக்கும்.

ஆர்சிசிபினு ஒண்ணு சொல்றாங்களே, அது எம்சிபிதானே?

பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலை வேறு. எம்சிபி வயரைக் காக்கிறது என்று பார்த்தோம். ஆர்சிசிபி உங்களைக் காக்கிறது. பேஸ் வழியாகப் போன கரண்ட் அப்படியே நியூட்ரல் வழியாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் எங்கோ கசிகிறது, யாரோ தொட்டிருக்கலாம் என்று 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் வாங்க வேண்டும். 100, 300 எல்லாம் தீ விபத்துத் தடுப்புக்கு, ஆளைக் காப்பாற்றாது.

ஆர்சிசிபி மட்டும் இருந்தால் ஓவர்லோடுக்கு விழாது, எம்சிபி மட்டும் இருந்தால் ஷாக்குக்கு விழாது. எம்சிபியில் 16 ஆம்பியர் போனால்தான் அது யோசிக்கவே தொடங்கும், மனுஷனுக்கு அதில் ஐந்நூற்றில் ஒரு பங்கே ஆபத்து. இரண்டும் வேண்டும், இல்லை இரண்டும் ஒரே பெட்டியில் உள்ள ஆர்சிபிஓ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஒரு கையில் பேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது, அது உங்களையும் ஒரு பல்பு என்றே நினைக்கும்.

அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கினா வீடே அணைஞ்சு போகுது. அதனால நான் தொடுறதே இல்ல.

அணைந்தால்தான் அது உயிரோடு இருக்கிறது. மாதம் ஒருமுறை அமுக்குங்கள், விழ வேண்டும், திரும்பத் தூக்கிவிடுங்கள். அமுக்கியும் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் உள்ளே இறுகிப் போகும். பட்டன் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கிறது, எர்த்தை இல்லை, அதனால் மேலே சொன்ன எர்த் சோதனை தனி.

மழை பெஞ்சா மட்டும் ஆர்சிசிபி விழுது. எல்லா சுவிட்சையும் அணைச்சாலும் நிக்கல.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் போன் தினமும் வரும். வெளிச்சுவரில் உள்ள பைப்புக்குள் தண்ணீர், மொட்டை மாடி லைட், மோட்டார் ஷெட், கேட் லைட், அங்கேதான் பெரும்பாலும் கசிவு. சுவிட்சை அணைத்தும் விழுவதற்குக் காரணம் உண்டு, சுவிட்சும் ஒற்றை எம்சிபியும் பேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கும், நியூட்ரல் ஈரச் சுவரையோ எர்த்தையோ தொட்டாலும் ஆர்சிசிபி விழும். அதனால் சாமான்களைச் சுவிட்சில் அணைக்காமல் பிளக்கையே பிடுங்குங்கள். எல்லாம் பிடுங்கிய பிறகு நின்றால் ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள், எது சொருகும்போது விழுகிறதோ அதுதான் திருடன். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு வயரிங்கில், அது உங்கள் வேலை இல்லை. ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

விழுந்த எம்சிபியை எத்தனை தடவை தூக்கி விடலாம்?

ஓவர்லோடில் விழுந்திருந்தால் சாமானைக் குறைத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு, ஒரு முறை. தூக்கியதும் டப்பென்று மறுபடி விழுந்தால் அது ஷார்ட், இன்னொரு முறை முயலக் கூடாது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பிடித்தாலும் உள்ளே துண்டித்துவிடும்படிதான் செய்திருக்கிறார்கள், வீண் வேலை.

பிளக் கையைச் சுடுது, ஆனா எம்சிபி விழவே இல்ல. அப்ப பரவாயில்லைதானே?

இதுதான் எனக்கு மிகவும் பயம் தருகிற நிலை. லூஸ் காண்டாக்டில் கரண்ட் அதிகமாகாது, அதனால் எம்சிபிக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் வெளியே கசியவில்லை, ஆர்சிசிபிக்கும் தெரியாது. பின் பிடிக்கும் அந்த அரிசியளவு இடத்தில் மட்டும் சூடு ஏறிக்கொண்டே போகும். நம் மூக்கும் கையும்தான் அங்கே காவல். இண்டக்ஷன் அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை வைக்க முடியவில்லை என்றால் சாக்கெட்டை மாற்ற வேண்டும். பிளக் பழுப்பாகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும், கருகிய பின் புதுச் சாக்கெட்டையும் கெடுக்கும். ஸ்ஸ்ஸ் என்ற சத்தம், மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை, சுவிட்ச் போடும்போது நீலப் பொறி, இவற்றில் எது வந்தாலும் அந்தப் பாயிண்டை அன்றோடு நிறுத்துங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அடுப்பைச் சொருகலாமா என்பதற்கும் இதே பதில்தான். ஒல்லி வயர், லூஸ் தகடு, நடுவில் இன்னொரு இணைப்பு. வேண்டாம்.

ஃபிரிட்ஜ் கிளம்பும்போது லைட் மங்குது. ஒரு நாள் பாதி லைட் பளீர்னு எரிஞ்சு பாதி மங்கிப் போச்சு.

முதலாவது லேசாக, ஒரு நொடி என்றால் சகஜம். இரண்டாவது மிக அவசரம். மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 400 வோல்ட் இருக்கிறது, நியூட்ரல் இல்லாதபோது அது சாமான்களுக்குள் தாறுமாறாகப் பங்கு பிரியும், சிலவற்றுக்கு 300க்கு மேல் போகும். யோசிக்காமல் மெயினை இறக்குங்கள், அப்புறம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்குப் போன் செய்யுங்கள். கம்பத்திலோ மீட்டர் முன்னாலோ கோளாறு இருந்தால் அதைத் தொட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஒரு பேஸ் போச்சுன்னா சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி வேற பேஸ்ல போட்டுக்குவோம். அதுல தப்பு இருக்கா?

தப்பில்லை, ஆனால் திருப்பும் முன் கீசர், இண்டக்ஷன், ஏசி மூன்றையும் அணையுங்கள். இரண்டு பேஸில் ஓடிய சுமை இப்போது ஒரே பேஸில் ஏறுகிறது. தெருவில் எல்லோரும் அதையே செய்வார்கள், அந்த பேஸில் வோல்டேஜும் இறங்கும். அன்றைக்கு ஒரு வேளை கேஸ் அடுப்பில் சமைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் மாட்டின நாள்லருந்து ஆர்சிசிபி நிக்க மாட்டேங்குது.

இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைன்களின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிட்டார்கள். போனது ஒரு வழி, திரும்புவது வேறு வழி என்றால் ஆர்சிசிபிக்குக் கணக்கு இடிக்கும். நியூட்ரலைப் பிரித்தால் சரியாகிவிடும், இன்வெர்ட்டர் மாட்டினவரையே கூப்பிடுங்கள். சமையலறையில் எந்தப் பாயிண்ட் இன்வெர்ட்டரில் வருகிறது என்றும் தாளில் எழுதுங்கள். அதில் மிக்சிகூடச் சந்தேகம், இண்டக்ஷன் நிச்சயம் கூடாது. கரண்ட் போயிருக்கிறது என்று நம்பிச் சாக்கெட்டைக் கழற்றாதீர்கள், இன்வெர்ட்டரிலிருந்து 230 வோல்ட் அங்கே நிற்கலாம்.

வாடகை வீடு. ஓனர் செலவு பண்ண மாட்டார், சுவத்தை உடைக்கவும் விட மாட்டார். நான் என்ன செய்யறது?

சுவரை உடைக்க வேண்டியதில்லை. டிபியிலிருந்து சுவர் மேலாகவே பிவிசி கேசிங் வைத்து, 2.5 தாமிர வயர் மூன்று, எர்த்தையும் சேர்த்து இழுத்து, தனி 16 ஆம்பியர் எம்சிபியில் ஒரே ஒரு பவர் பாயிண்ட் போடலாம். அரை நாள் வேலை. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். டிபியில் ஆர்சிசிபி இல்லை என்றால் அந்த ஒரு லைனுக்கு மட்டும் ஆர்சிபிஓ போடச் சொல்லுங்கள். டிபி வீட்டுக்காரருடையது என்பதால் தொடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கருகின சாக்கெட்டைப் போட்டோ எடுத்துக் காட்டினால் பாதிச் செலவை ஏற்றுக்கொண்ட ஓனர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதுவரைக்கும் என்றால், இண்டக்ஷனை 1200 வாட்ஸுக்கு மேல் ஏற்றாதீர்கள், அது ஓடும்போது அதே எம்சிபியில் உள்ள கெட்டிலையும் ஓவனையும் தொடாதீர்கள், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். எர்த் இல்லாத பாயிண்ட் என்று சாக்கெட் டெஸ்டர் காட்டினால் இந்தத் தற்காலிக ஏற்பாடும் கிடையாது, எர்த் வரும் வரை கேஸ் அடுப்புதான்.